பால் பூசிய சுவர்களின் ஊரில் இருப்பவனுக்கு

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் எங்கள் வாத்தியார் பழக்கினார். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இன்றுவரை என் கடிதங்களை நானே எழுதுகிறேன். உன் அக்காவிடம்கூடச் சொல்லி எழுதுவித்ததில்லை. இன்று அந்த முதல் வரியை எழுதக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. "அம்மா, இப்ப என்னால வர ஏலாது. சிஞ்ஞோரா படுக்கையில விழுந்திட்டா. நான் வெளிக்கிட்டா அவவைக் கொண்டுபோய் வயசு போனாக்களின்ர விடுதியில விட்டிடுவினம்" என்றாய். அங்கே வீட்டுக்கார அம்மாவைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவார்களாம். நான் ரிசீவரை உன் அக்காவிடம் நீட்டிவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாயை அடைத்தது அதுவல்ல ராசா. எந்தச் சொல்லைச் சொன்னாலும் அது உன்னிடம் வந்து சேருவதற்கு முன்னே நடுக்கடலில் விழுந்துவிடும் போலிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனாலும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பங்குனியோடு உன் கனடா விசா முடிகிறது. சுகந்தி வேலைக்கும் போய்க்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் லோயரிடம் ஓடி ஓடி எடுத்துத் தந்த ஸ்பொன்சர் விசா அது. நீ வந்து இறங்கி அவள் கழுத்தில் தாலி கட்ட வேண்டும், அவ்வளவுதான் மிச்சம். உன் அத்தான் பேஸ்மென்ற் அறைக்கு வெள்ளை அடித்து, கார்ப்பெற் போட்டு வைத்திருக்கிறார். மில்லிக்கன் பிளாசாவில் மலிவு விற்பனை போட்டபோது உனக்கு ஒரு குளிர்க் கோட் வாங்கினேன். முழங்கால்வரை வரும், கறுப்பு. அது பிளாஸ்ரிக் உறையோடு வாசல் அலமாரியில் தொங்குகிறது. செருப்பை எடுக்கப் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்க்கிறேன். உன் தோள் இப்போது எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது. கடையில் நின்ற ஒரு பெடியனைக் காட்டி, "இவரின்ர அளவில தாங்கோ" என்று கேட்டு வாங்கியது.

நீ அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததே ஒரு தற்செயல். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன் உன்னை ரோமில் விட்டுவிட்டு மறைந்துபோனான். தெற்கே ஒலிவ் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, நீ ரயில் ஏறினாய். "ஏனடா அந்த ஊரில இறங்கினனீ?" என்று கேட்டேன். "ரயில் அதுக்கு அங்கால போகாதம்மா" என்றாய். லெச்சே. அந்தப் பெயர் என் வாயில் சரியாக வருவதற்கே நாள் எடுத்தது. பிறகு நீ அனுப்பிய முதல் படம் வந்தது. ஒரு மூலையில் நீ சின்னதாக நிற்கிறாய், மற்ற இடமெல்லாம் ஒரு தேவாலயத்தின் முகப்பு. உச்சியிலிருந்து அடிவரை செதுக்கல். பூமாலை, மாதுளம்பழம், சிறகு முளைத்த குழந்தைகள், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் மிருகங்கள், உள்ளங்கை அகலத்துக்குக்கூடச் சும்மா விட்ட இடம் இல்லை. எங்கள் கோபுரத்தின் வர்ணத்தையெல்லாம் கழுவிவிட்டுத் தேன் நிறத்தில் நிற்கவைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அந்தக் கல்லைப் பற்றி நீ சொன்னது இன்னும் என் நினைவில் இருக்கிறது. நிலத்திலிருந்து வெட்டி எடுக்கும்போது அது பனங்கட்டி போல இருக்குமாம், கத்தியாலேயே சீவலாமாம். காற்றும் வெயிலும் பட்டுப் பட்டுத்தான் இறுகுமாம். உப்புக் காற்று அரித்துவிடும் என்று முந்தி அதன்மேல் பால் பூசுவார்களாம். இதை நான் இங்கே கோயிலில் பெண்களிடம் சொன்னேன். "சாமிக்கெல்லே பால் வாக்கிறது, இவங்கள் சுவருக்கோ வாக்கிறாங்கள்?" என்று ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். "நீர் சுவரை ஒருக்கால் வந்து பாரும், பிறகு சிரியும்" என்று வீட்டுக்குக் கூட்டிவந்து படத்தைக் காட்டினேன். எனக்கு அந்த ஊரைப் பிடிக்காது, தம்பி. என் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிற ஊர். ஆனால் அதைப் பற்றி வேறு யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஒலிவ் வேலை முடிந்து நீ சிஞ்ஞோராவின் வீட்டில் சேர்ந்தபோது, அதை இங்கே எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "பெரியதொரு வீட்டைப் பாக்கிறான்" என்று சொன்னேன். பொய் இல்லையே. தேவாலயத்துக்குப் பின் ஒழுங்கையில் பெரிய வீடு, முகட்டு வளைவுகள் நடுவில் வந்து நட்சத்திரம் போலக் கூடும் வீடு என்று நீதான் சொன்னாய். சுகந்தியின் தாய்க்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. போன கோடையில் நீ வீடியோ கசற் அனுப்பியபோது அவர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். இத்தாலிக் கசற் கனடா டெக்கில் ஓடாது என்பது எங்களுக்கு எங்கே தெரியும்? கோடு கோடாக ஓடியது. அத்தான் டெக்கின் தலையில் தட்டினார், அதுவும் சரிவரவில்லை. வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிளாசாவிலுள்ள தமிழ் வீடியோக் கடையில் கொடுத்து மாற்றி எடுத்து, அடுத்த ஞாயிறு திரும்பவும் அழைத்தோம். கடையிலிருந்து வந்த கையோடேயே போட்டோம். முதலில் நாங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். அந்தப் புத்தி ஒருவருக்கும் வரவில்லை.

"அம்மா, உதுதான் பெரிய கோயில்" என்று உன் குரல் வந்தது. சுவர், தூண், வளைவு, திரும்பவும் சுவர். சுகந்தியின் தகப்பன், "மாப்பிள்ளையைக் காட்டச் சொன்னா மதிலைக் காட்டுறார்" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு நீ ஒரு நீண்ட மேல்மாடத்தைக் காட்டினாய். அதைக் கீழேயிருந்து மிருகங்களும் மனிதர்களும் முதுகாலும் தலையாலும் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கோபுரத்துப் பூதங்கள் சுமப்பதுபோலத்தான், ஆனால் பூதங்களுக்குச் சுமை தெரியாது, சிரித்துக்கொண்டு நிற்கும். உங்கள் ஊர்க் கல்லு மனிதரின் முகமோ கோணிப்போய் இருந்தது. அதற்குள் கமரா யாரிடமோ கைமாறிவிட்டது. நீ அந்தக் கோயில் கதவுக்குள்ளிருந்து வருகிறாய். கையில் ஒரு கிழவி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல. வாசலில் நின்ற சில்லுக் கதிரையில் இருத்தி, பொத்தானைப் பூட்டி, வாயோரம் வடிந்ததை உன் கைலேஞ்சியால் துடைத்தாய். அவள் மேலே பார்த்து ஒரு கல்லு மனிதனுக்குக் கையை ஓங்கினாள். நீ சிரித்துக்கொண்டே, "அம்மா, உவருக்கு இவ தன்ர செத்துப்போன மனிசன்ர பேரை வைச்சிருக்கிறா. நெடுகலும் வந்து உவரைப் பேசிப்போட்டுத்தான் வீட்டை போவா" என்றாய். எங்கள் ஹோலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சுகந்தியின் தாய் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. "வீடு பாக்கிறார் எண்டெல்லே சொன்னனீங்கள், அக்கா?"

"ஓம். வீட்டையும் பாக்கிறான், வீட்டில இருக்கிறவவையும் பாக்கிறான்" என்றேன்.

"கழுவித் துடைக்கிறதும் அவர்தானோ?"

எனக்கு முகம் எரிந்தது. அப்போது உன் மருமகள் ஆரணி, என் பேத்தி, அவளுக்கு வாய் சும்மா இருக்குமா? "அன்ரி, நீங்களும் நேர்சிங் ஹோமிலதானே வேர்க் பண்ணுறீங்கள்? ஸேம் திங்தானே?" என்றாள். உன் அக்கா அவளுடைய தொடையைக் கிள்ளிய கிள்ளில் பிள்ளை துள்ளி எழும்பினாள். எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்ததுபோல இருந்தது. என் பேத்தி என்று சொல்லிக்கொண்டேன். சுகந்தி மட்டும் ரிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த அம்மாவுக்குப் பிள்ளையள் இல்லையே, அன்ரி?" என்று கேட்டாள். "இருக்கினம் பிள்ளை. மிலான் எண்டொரு இடத்தில." அவள் "ம்" என்றாள். பிறகு ரிமோட்டை எடுத்துக் கசற்றைப் பின்னுக்கு ஓடவிட்டு, நீ அந்தக் கிழவியைத் தூக்கி வரும் இடத்தைத் திரும்பவும் பார்த்தாள். இதை நான் உனக்கு இதுவரை சொல்லவில்லை. சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று வைத்திருந்தேன். அடுத்த நாள் உன்னை ரெலிபோனில் பிடித்துப் பேசினேன், நினைவிருக்கும். "ஊரைக் காட்டச் சொன்னா, உதுகளை ஏனடா காட்டினனீ?" அதற்கு நீ, "ஊர் எண்டா எனக்கு அவதானேயம்மா" என்றாய்.

மார்கழியில் நான் விழுந்தது உனக்குத் தெரியும். எப்படி விழுந்தேன் என்பது தெரியாது. ஆரணியின் நடனம் பார்த்துவிட்டு வந்தோம். அவள் கடைசியில் சலங்கையோடு என் காலில் விழுந்து கும்பிட்டதை மண்டபம் முழுக்கப் பார்த்தது. அந்தப் பெருமையோடு காரிலிருந்து இறங்கினேன். உன் அக்கா கையைப் பிடிக்க வந்தாள். "நான் என்ன நடக்கமாட்டாத கிழவியே?" என்று தட்டிவிட்டேன். அடுத்த அடி ஐஸில். இடுப்பெலும்பு. கத்தி வைத்து இரும்பு போட்டு அனுப்பினார்கள். நீ கேட்டபோதெல்லாம், "பறவாயில்லை, அக்கா குளிக்க வாக்கிறாள்" என்று சொல்லியிருக்கிறேன். அக்கா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவாள். என்னைக் குளிப்பாட்டுவது றோஸ். அரசாங்கம் அனுப்புகிற பிள்ளை, பிலிப்பைன்ஸ்காரி, உன் வயதுதான் இருக்கும்.

முதல்நாள் அவள் என் உடுப்பைக் கழற்ற வந்தபோது நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறந்த ஊரில் கிணற்றடியில் குளித்தபோதும் நாங்கள் குறுக்குக்கட்டோடு குளித்தவர்கள். மார்புக்கு மேல் துணியை வரிந்து கட்டினால் கட்டியவளுக்கும் வெட்கமில்லை, பார்ப்பவளுக்கும் வெட்கமில்லை. இதை எப்படி அவளுக்கு விளங்கப்படுத்துவது? ஆரணி பள்ளிக்கூடத்தில். மார்பில் கையை வைத்துக் காட்டினேன். அவள் எனக்குக் குளிர்கிறது என்று நினைத்து ஹீற்றரைக் கூட்டினாள். திரும்பவும் காட்டினேன், இன்னொரு துவாயைக் கொண்டுவந்தாள். நான் அழத் தொடங்கிவிட்டேன். அவள் பயந்து கீழே குந்தி என் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு நானே எட்டி, என் பழைய பருத்திப் பாவாடையை எடுத்து மார்புக்கு மேல் கட்டிக் காட்டினேன். அவள் "ஓ" என்றாள். இப்போது அவள் வந்ததும் தானே பாவாடையைத் தேடி எடுத்து, தானே கட்டி, நுனியைச் செருகிவிடுகிறாள். எங்கள் ஊர்க் கிணற்றடியில் வளர்ந்தவள் போல. அந்தக் குளியல் தொட்டியில் இருந்துகொண்டு நான் நினைப்பது உன்னைத்தான். நீ அங்கே யாருடைய தாய்க்கோ தண்ணீர் வார்த்துக்கொண்டிருப்பாய்.

தைப்பொங்கலன்று நீ எடுத்தபோது, சிஞ்ஞோரா என்னோடு கதைக்க ஆசைப்படுகிறா என்று ரிசீவரை அவவிடம் கொடுத்தாய். நானும் அவவும் கதைத்ததை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது, அன்று சிரிப்பு வரவில்லை. "அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், என்ர பிள்ளையை அனுப்பிவிடுங்கோ. எனக்குக் கொள்ளி வைக்க அவன் ஒருத்தன்தான்" என்று என் பாஷையில் சொன்னேன். அவ மூச்சு வாங்கி வாங்கி அவவின் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னா. நீ திரும்ப வந்ததும், "என்னவாம்?" என்றேன். "நீங்கள் சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கிறா." "அவ்வளவு நீட்டுக்குச் சொன்னது அதுதானோ?" "ஓமம்மா." "நான் சொன்னதை அவவுக்கு என்னெண்டு சொன்னனீ?" "நீங்கள் சுகம் விசாரிச்சதாச் சொன்னன்." இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் மூடிவிட்டாய், கள்ளன். ஆனால் அவவின் குரல் எனக்கு விளங்கியது. நான் அவவிடம் கேட்டதைத்தான் அவவும் என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது சுகந்திதான். திங்கட்கிழமை வேலை முடிந்து அப்படியே வந்தாள். நீ சொன்னதைத் தன் தாய் தகப்பனுக்கு இன்னும் சொல்லவில்லையாம். என் கட்டிலில் இருந்துகொண்டு, "அன்ரி, வா எண்டு நீங்கள் எழுதுங்கோ. நீங்கள் எழுதினா வருவார்" என்றாள். அவள் சொல்வது சரி. நான் எழுதினால் நீ வருவாய். அதுதான் எனக்குப் பயம். நீ வந்து இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாய். அங்கே யாரோ அந்த அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவவுக்குப் பேச ஒரு கல்லு மனிதன்கூட இருக்கமாட்டான். நீ சுகந்தியோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கும்போது உன் முகம் நடுவில் ஒருமுறை கோணும். பெற்றவளுக்கு அது தெரியாமல் போகாது. வராதே என்று எழுதலாமென்றால், அந்தப் பிள்ளையின் முகத்தில் நான் எப்படி முழிப்பது? அவளுடைய தகப்பன் சித்திரையில் வேறு இடம் பார்ப்பார், அவரைப் பிழை சொல்லவும் முடியாது. நானும் எத்தனை பங்குனி இருப்பேன்? பேனையைப் பிடித்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே கொட்டுகிற ஸ்நோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் ஒன்றும் செய்ய முடியாது, தம்பி. ஒரு தாய் இதை எழுதக்கூடாது. ஆனால் உண்மை அதுதான்.

ஒன்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். நீ வந்தாலும் உன்னை எனக்குக் குளிக்க வார்க்க விடமாட்டேன். பெற்ற மகனிடம் இந்த உடம்பைக் காட்ட மாட்டேன், செத்தாலும் மாட்டேன். அந்த அம்மாவும் மிலானில் இருக்கிற தன் மகனை விடமாட்டா என்றுதான் நினைக்கிறேன். வேற்றுப் பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். அந்த வேற்றுப் பிள்ளையை யாரோ ஒருத்தி பெற்றிருக்கிறாள் என்பதுதான் பிறகு உறுத்துகிறது. றோஸின் தாய் எங்கே இருக்கிறாள், அவளுக்கு யார் தண்ணீர் வார்க்கிறார்கள் என்று கேட்க எனக்குப் பாஷை இல்லை.

ஆகவே வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. சுகந்திக்கு நீயே எழுது. என் வாயால் சொல்லவைக்காதே. உள்ளதை உள்ளபடி எழுது. கசற்றைப் பின்னுக்கு ஓடவிட்டுப் பார்த்தவள் அவள், பொய் சொன்னால் கண்டுபிடிப்பாள். கோட் அலமாரியிலேயே தொங்கட்டும், அதற்குப் பசி தாகமில்லை. இதனோடு ஒரு பார்சல் வரும். உள்ளே என் பருத்திப் பாவாடை இரண்டு, தோய்த்துத் தோய்த்து மெத்தென்று இருப்பவை. சிஞ்ஞோராவுக்கு. நாடாவை மார்புக்கு மேல் கட்டி நுனியை இடது கமக்கட்டுக்குள் செருகு. இறுக்கிவிடாதே, வயது போனவர்களுக்கு மூச்சு முட்டும். உடுப்பைக் கழற்றிவிட்டுக் கட்டக்கூடாது, கட்டிவிட்டு உள்ளால் கழற்று. அவவுக்கு விளங்கும். எந்தப் பாஷைக்காரிக்கும் விளங்கும்.

இன்னுமொன்று. தண்ணீரை எடுத்த எடுப்பில் தலைக்கு வார்க்காதே. முதலில் காலுக்கு வார். பிறகு முழங்காலுக்கு, பிறகு தோளுக்கு. உடம்பு தண்ணீருக்குப் பழகிய பிறகுதான் தலைக்கு. றோஸ் நல்ல பிள்ளை, ஆனால் நேரே தலைக்குத்தான் வார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு நின்று திரும்பி வருகிறது. ஆரணியிடம் சொல்லி இங்கிலிஷில் சொல்விக்கலாம். குறை சொன்னதாகி அந்தப் பிள்ளையின் வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பேசாமல் இருக்கிறேன். அவளுக்குச் சொல்ல முடியாததை உனக்குச் சொல்கிறேன். முதலில் காலுக்கு வார், ராசா. மெல்லமாக வார்.

அம்மா